சூரிய மின் கருவிகளும் கடற்கரை ஈரமும்: மும்பை தரும் படிப்பினை

சூரிய ஒளியிலிருந்து மின்சாரம் பெறுவது குறித்துத் திட்டமிடும்போது எல்லோரும் முதலில் கணக்கிடுவது வெயிலையே. ஆண்டில் எத்தனை நாள் வானம் தெளிந்திருக்கும், கூரை எத்திசையை நோக்கியுள்ளது, பக்கத்துக் கட்டடத்தின் நிழல் எந்நேரத்தில் விழும் என்னும் கேள்விகள் எழுப்பப்படுகின்றன. இவை தேவையான கேள்விகளே. ஆயினும், நிறுவப்பட்ட கருவிகள் இருபத்தைந்து ஆண்டுகள் உழைக்குமா, ஏழெட்டு ஆண்டுகளிலேயே பழுதடையுமா என்பதைக் கடற்கரை நகரங்களில் காற்றிலுள்ள ஈரமே பெரிதும் தீர்மானிக்கிறது. இந்தக் கேள்வியோ திட்ட மதிப்பீடுகளில் உரிய இடத்தைப் பெறுவதில்லை.

இது பொதுப் பணத்தைப் பற்றிய கேள்வியும் ஆகும். 2024 பிப்ரவரி 13 அன்று தொடங்கப்பட்ட பிரதமரின் சூர்ய கர் இலவச மின்சாரத் திட்டத்திற்கு ரூ.75,021 கோடி ஒதுக்கீட்டுடன் மத்திய அமைச்சரவை அதே மாதம் ஒப்புதல் அளித்தது. ஒரு கோடி வீடுகளின் கூரைகளில் சூரிய மின் அமைப்புகளை நிறுவுவது அதன் இலக்கு. 1 கிலோவாட் அமைப்புக்கு ரூ.30,000, 2 கிலோவாட்டுக்கு ரூ.60,000, 3 கிலோவாட்டுக்கும் அதற்கு மேலும் ரூ.78,000 என மானியம் வகுக்கப்பட்டது. கூட்டுறவு வீட்டுவசதிச் சங்கங்களின் பொது வசதிகளுக்குக் கிலோவாட்டுக்கு ரூ.18,000 வழங்கவும் வழி செய்யப்பட்டது. அமைப்பு நிறுவப்பட்டு இயங்கத் தொடங்கியதும் மானியம் பயனாளியின் கணக்கில் சேர்கிறது. அத்துடன் கோப்பும் முடிவடைகிறது. கருவியின் உழைப்போ அப்போதுதான் தொடங்குகிறது. அதன் முதற் சோதனை அடுத்து வரும் பருவமழை.

தமிழர்கள் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்துவரும் மும்பையின் தாராவி, மாதுங்கா, செம்பூர் ஆகிய மூன்று பகுதிகள் இச்சிக்கலின் மூன்று முகங்களைக் காட்டுகின்றன. ஒன்றுக்கொன்று சில கிலோமீட்டர் தொலைவிலேயே உள்ள இப்பகுதிகளில் கூரையும் காற்றும் பராமரிப்பு வசதியும் வெவ்வேறாக உள்ளன. அவற்றைக் காணுமுன் ஈரம் மின் கருவிகளை எவ்வாறு பாதிக்கிறது என்பதை அறிந்துகொள்வது நலம்.

மும்பையின் காற்று

மும்பையில் பருவமழை தொடங்கும் இயல்பான நாள் ஜூன் 11 என்றும் விலகும் நாள் அக்டோபர் 8 என்றும் இந்திய வானிலைத் துறை 2020 இல் திருத்தியமைத்தது. ஏறக்குறைய நான்கு மாதங்கள் நீடிக்கும் இப்பருவத்தில்தான் 2,000 மில்லிமீட்டருக்கும் மிகுந்த ஆண்டு மழையில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் பெய்கிறது. ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில் காற்றின் ஒப்பு ஈரப்பதம் சராசரியாக 80 விழுக்காட்டைத் தாண்டுகிறது.

ஒப்பு ஈரப்பதம் என்பது காற்று தாங்கக்கூடிய நீராவியில் எத்தனை பங்கை அது ஏற்கெனவே தாங்கி நிற்கிறது என்பதைக் குறிக்கும். 30 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் ஒரு கன மீட்டர் காற்று ஏறத்தாழ 30 கிராம் நீராவியைத் தாங்கும். 20 டிகிரியில் 17 கிராம் அளவே தாங்கும். எனவே காற்று குளிரும்போது மிகுதி நீர் துளிகளாக வெளிப்படுகிறது. இது தொடங்கும் வெப்பநிலையே பனிநிலை எனப்படும்.

ஜூலை மாத மும்பையில் 30 டிகிரி வெப்பமும் 85 விழுக்காடு ஈரப்பதமும் உள்ள ஒரு மாலைப்பொழுதைக் கருதுவோம். அப்போது பனிநிலை சுமார் 27 டிகிரி. அதாவது, ஓர் உலோகப் பெட்டி சுற்றியுள்ள காற்றைவிட மூன்று டிகிரி குளிர்ந்தாலே அதன்மேல் நீர் படியும். அதே 30 டிகிரி வெப்பத்தில் ஈரப்பதம் 30 விழுக்காடு மட்டுமே உள்ள வறண்ட உள்நாட்டு நகரில் பனிநிலை சுமார் 10 டிகிரி. அங்கு நீர் படிவதற்கு இருபது டிகிரி குளிர வேண்டும். இரு நகரங்களிலும் ஒரே கருவி ஒரே விலைக்கு விற்கப்படலாம். ஆனால் அது எதிர்கொள்ளும் சூழல் ஒன்றாகாது.

பெட்டி விடும் மூச்சு

சூரிய மின் அமைப்பில் தகடுகளைத் தவிர இணைப்புப் பெட்டிகள், நேர்மின்னோட்ட விநியோகப் பெட்டி, அதனை வீட்டு மின்னோட்டமாக மாற்றும் இன்வர்ட்டர், மின்னல் தடுப்பான், அளவைமானி ஆகியவையும், சில இடங்களில் மின்கலங்களும் உண்டு. மழைத்துளி புகாத பெட்டியில் வைத்துவிட்டால் இவற்றுக்குக் கேடில்லை என்று பொதுவாகக் கருதப்படுகிறது. ஆனால் மழையே படாத பெட்டியினுள்ளும் நீர் தேங்குவதை மின் பணியாளர்கள் காண்கின்றனர். அதற்குக் காரணம் பெட்டி மூச்சு விடுவதுதான்.

பகலில் பெட்டியினுள் வெப்பம் 30 டிகிரியிலிருந்து 50 டிகிரிக்கு உயர்கிறது எனக் கொள்வோம். உள்ளிருக்கும் காற்று ஏறத்தாழ 6.5 விழுக்காடு விரிந்து, சிறு இடைவெளிகள் வழியே வெளியேறுகிறது. மாலையில் பெட்டி குளிரும்போது அதே அளவு வெளிக்காற்றை உள்ளே இழுத்துக்கொள்கிறது. அக்காற்று ஈரம் நிறைந்தது. இரவின் குளிர்ச்சியில் அதன் நீராவி உள்ளிருக்கும் உலோகப் பகுதிகளில் படிகிறது. மறுநாள் வெப்பத்தில் காற்று வெளியேறினாலும் படிந்த நீர் முழுவதும் வெளியேறுவதில்லை. இவ்வாறு நாள்தோறும் சிறிது சிறிதாகச் சேர்ந்து, பருவத்தின் முடிவில் பெட்டியின் அடியில் நீர் நிற்கிறது.

வெயிலில் காய்ந்த பெட்டியின்மேல் திடீரென மழை பெய்யும்போது நிலைமை இன்னும் கடுமையாகும். சில நிமிடங்களில் உள்வெப்பம் 50 டிகிரியிலிருந்து 30 டிகிரிக்கு இறங்கினால், இறுக மூடிய பெட்டியினுள் ஏற்படும் அழுத்தக் குறைவு அரை மீட்டருக்கும் அதிக உயரமுள்ள நீர் தரும் அழுத்தத்திற்கு ஒப்பாகும். அந்நேரத்தில் மூடியின் விளிம்பில் நிற்கும் மழைநீரை, பழுதான ரப்பர் அடைப்பின் வழியே பெட்டி தானே உறிஞ்சிக்கொள்கிறது. ஆகவே எல்லாத் துளைகளையும் பசையிட்டு அடைப்பது மட்டும் தீர்வாகாது. காற்றை விட்டு நீர்த்துளியைத் தடுக்கும் சவ்வு அடைப்பு ஒன்றைப் பெட்டியில் பொருத்துவதும், தயாரிப்பாளர் விட்டுள்ள அடிப்பக்க வடிகால் துளையை அடைக்காமலிருப்பதும் முறையான வழிகள்.

இக்கருத்து மின்துறைக்குப் புதியதன்று. தெருவோர மின்மாற்றிகள் பலவற்றின் பக்கத்தில் ஒரு சிறு கண்ணாடிக் குடுவை தொங்குவதைக் காணலாம். மின்மாற்றி மூச்சிழுக்கும் காற்று அக்குடுவையிலுள்ள சிலிக்கா ஜெல் மணிகளின் வழியே சென்று உலர்கிறது. மணிகள் நிறம் மாறினால் அவற்றை மாற்றவோ சூடாக்கி உலர்த்தவோ வேண்டும் என்பது மின்வாரிய ஊழியர் அறிந்த நடைமுறை. சூரிய மின் பெட்டிகளில் சிலிக்கா ஜெல் பொட்டலத்தை ஒருமுறை போட்டுவிட்டு மறந்துவிடுவதால் பயனில்லை. அம்மணிகள் தம் எடையில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு நீரை ஏற்றதும் செயலற்றுப் போகின்றன. திறந்த இடைவெளியுள்ள பெட்டியில் இது விரைவிலேயே நிகழ்ந்துவிடும்.

உப்பின் பங்கு

கடற்காற்று சுமந்துவரும் உப்பு ஈரத்தின் தீமையைப் பெருக்குகிறது. சோடியம் குளோரைடு எனும் சாதாரண உப்பு, காற்றின் ஒப்பு ஈரப்பதம் 75 விழுக்காட்டைத் தாண்டும்போது காற்றிலுள்ள நீரை உறிஞ்சித் தானே கரைசலாகிறது. மழைக்காலத்தில் உணவு மேசையிலுள்ள உப்பு கசிவதை இல்லத்தரசிகள் அறிவர். பெட்டியினுள் படிந்த உப்புத் தூசிக்கும் அதுவே நேர்கிறது. மும்பையில் பருவமழை முழுவதும் ஈரப்பதம் பெரும்பாலும் இந்த அளவுக்கு மேலேயே இருப்பதால், உப்பு படிந்த உலோகம் மழை பெய்யாத நாளிலும் நனைந்தே கிடக்கிறது.

உப்புக் கரைசல் மின்சாரத்தைக் கடத்தும். வெவ்வேறு உலோகங்கள் அதன் வழியே தொடர்புகொள்ளும்போது அவற்றுள் ஒன்று அரிக்கப்படுகிறது. சூரிய மின் அமைப்பில் தகட்டின் சட்டம் அலுமினியம். தாங்கி துத்தநாகம் பூசிய எஃகு. தரைத்தொடர்புக் கம்பி பெரும்பாலும் செம்பு. செம்புக் கம்பியை அலுமினியச் சட்டத்தில் நேரடியாக முறுக்கி வைத்தால் அலுமினியம் அரிபட்டுச் சில பருவங்களில் தொடர்பு தளர்கிறது. மின்சாரம் வழக்கம்போல் வருவதால் இதனை எவரும் உணர்வதில்லை. மின்கசிவு நேரும் நாளில்தான் தரைத்தொடர்பு இல்லாதது தெரியவரும். ஈயம் பூசிய முனைகளையும் இரு உலோக வளையங்களையும் இடையில் பயன்படுத்துவது இதற்கான எளிய தடுப்பு.

தகட்டினுள் புகும் ஈரம்

தகடும் ஈரத்திற்கு விலக்கானதன்று. சிலிக்கான் மின்கலங்கள் முன்புறக் கண்ணாடிக்கும் பின்புறத் தாளுக்கும் இடையே, பெரும்பாலும் எத்திலீன் வினைல் அசிட்டேட் என்னும் பொருளில் பதிக்கப்படுகின்றன. பின்புறத் தாளின் வழியே நீராவி மெல்ல ஊடுருவும். வெப்பமும் ஈரமும் சேரும்போது அப்பொருளிலிருந்து அசிட்டிக் அமிலம் உண்டாகி மின்கலத்தின் மெல்லிய வெள்ளிக் கோடுகளை அரிக்கிறது. மேலும், பல தகடுகள் தொடராக இணைக்கப்படும்போது மின்னழுத்தம் பல நூறு வோல்ட்டுகளை எட்டுகிறது. தகட்டின் பரப்பு நனைந்திருக்கையில் மின்கலத்துக்கும் தரைத்தொடர்புள்ள சட்டத்துக்கும் இடையே நுண்ணிய கசிவு ஏற்பட்டு, மின்கலத்தின் திறன் குன்றுகிறது.

இதன் ஓர் அறிகுறியைப் பயனாளரே காணலாம். இன்றைய இன்வர்ட்டர்கள் காலையில் இயங்கத் தொடங்குமுன் அமைப்பின் காப்பு மின்தடையைச் சோதிக்கின்றன. ஈரத்தால் அத்தடை குறைந்திருந்தால் இயங்க மறுத்து எச்சரிக்கை காட்டுகின்றன. வெயில் ஏறி ஈரம் உலர்ந்ததும் தாமே இயங்குகின்றன. மழை நின்ற காலையில் தாமதமாகத் தொடங்கும் இன்வர்ட்டர் பழுதானதென்று கருதி மாற்றப்படுவதுண்டு. உண்மையில் எங்கோ ஒரு கனெக்டரிலோ கேபிளிலோ நீர் புகுந்துள்ளதை அது அறிவிக்கிறது.

நேர்மின்னோட்டத்தின் அபாயம்

வீட்டுக்கு வரும் மாறுமின்னோட்டம் நொடிக்கு நூறு முறை சுழிநிலையைத் தொட்டுச் செல்கிறது. எனவே தளர்ந்த இணைப்பில் தீப்பொறி எழுந்தாலும் அது அணைய வாய்ப்புண்டு. தகடுகள் தரும் நேர்மின்னோட்டம் அவ்வாறு சுழிநிலைக்கு வருவதில்லை. ஒருமுறை பற்றிய பொறி தொடர்ந்து எரியக்கூடும். ஆகவே நேர்மின்னோட்டப் பகுதியில் அரிப்பு மிகவும் ஆபத்தானது.

ஒரு கணக்கு இதனை விளக்கும். நல்ல நிலையிலுள்ள கனெக்டரின் தொடுமின்தடை அரை மில்லி ஓமுக்கும் குறைவு. அதன் வழியே 10 ஆம்பியர் மின்னோட்டம் சென்றால் உண்டாகும் வெப்பம் ஒரு வாட்டில் இருபதில் ஒரு பங்குதான். அரிப்பினால் மின்தடை பத்தில் ஒரு ஓமாக உயர்ந்தால் வெப்பம் 10 வாட் ஆகிவிடும். கட்டைவிரல் அளவுள்ள பிளாஸ்டிக் உறையினுள் 10 வாட் வெப்பம் இடைவிடாது உண்டானால் உறை உருகும். வெவ்வேறு தயாரிப்பாளர்களின் கனெக்டர்கள் பார்வைக்கு ஒன்றுபோலிருந்து ஒன்றோடொன்று பொருந்தினாலும், அவற்றின் ரப்பர் வளையமும் தொடுமுனையும் சரிவரப் பொருந்துவதில்லை. நீர் புகுவதற்கு இது ஒரு முக்கிய வழி.

மூன்று பகுதிகளின் நிலை

மாதுங்காவில் பழைய அடுக்குமாடிக் கட்டடங்களும் கூட்டுறவு வீட்டுவசதிச் சங்கங்களும் மிகுதி. சமதளமான மாடிகள் தகடுகள் நிறுவ ஏற்றவை. ஆனால் மழைக்கு முன் மாடியில் நீர்க்காப்புப் பணி செய்வது இங்கு வழக்கம். அப்பணிக்காகக் கேபிள்களைத் தூக்கி எறிவதும், கனெக்டர்களைப் பிரித்து மீண்டும் பொருத்துவதும், தகட்டுத் தாங்கியின் அடியில் நீர் தேங்க விடுவதும் நேரக்கூடும். மாடிக்குப் பொறுப்பான சங்கமும் மின் அமைப்பை நிறுவிய முகவரும் இணைந்து இப்பணியைத் திட்டமிட வேண்டும். மரங்கள் நிறைந்த இப்பகுதியில் சருகுகள் தகட்டின் கீழ்விளிம்பில் தங்கி ஈரத்தைப் பிடித்து வைப்பதும் கவனிக்கத்தக்கது.

செம்பூரின் நிலை வேறு. அதனையடுத்த மாஹுல், டிராம்பே பகுதிகளில் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைகளும் உர ஆலையும் அனல் மின் நிலையமும் உள்ளன. தொழிற்பகுதிக் காற்றில் கலக்கும் கந்தக டை ஆக்சைடு ஈரத்தில் கரைந்து அமிலமாகி, எஃகின் துத்தநாகப் பூச்சை விரைந்து தேய்க்கிறது. அம்மோனியாவும் ஈரமும் சேர்ந்தால் பித்தளைப் பாகங்களில் வெடிப்பு உண்டாகும். இத்தகைய இடங்களுக்கு உப்பு மூடுபனிச் சோதனையும் அம்மோனியாச் சோதனையும் கடந்த தகடுகளைக் கோருவது பொருத்தமாகும். இச்சோதனைகளுக்கு முறையே ஐ.இ.சி. 61701, ஐ.இ.சி. 62716 என்னும் பன்னாட்டுத் தரவிதிகள் உள்ளன.

தாராவி இவ்விரண்டினும் கடினமானது. மாஹிம் கழிமுகத்தையும் மித்தி ஆற்றையும் ஒட்டிய தாழ்நிலமாகிய அங்கு, குடிசைகளும் தொழிற்கூடங்களும் ஒன்றன்மீது ஒன்றாக நெருங்கி நிற்கின்றன. தகரமும் கல்நார்ச் சிமெண்டும் வேய்ந்த கூரைகள் மிகுதி. இரண்டு சதுர மீட்டர் பரப்புள்ள தகடு இருபது கிலோவுக்கு மேல் எடையுள்ளது. கூரையின் தாங்குதிறனை அறியாமல் அதனை ஏற்ற முடியாது. ஏற்ற கூரையுள்ள வீட்டுக்குச் சொந்தக்காரராக இருப்பது மானியத்துக்கான தகுதிகளுள் ஒன்று என்பதால், தாராவிக் குடும்பங்களில் பலவற்றுக்கு அத்திட்டம் எட்டுவதில்லை. அவர்கள் தாமே வாங்கும் சிறு தகடு, விளக்கு, மின்கலம் ஆகியவை தரச்சான்று பெறாதவையாக இருந்துவிட்டால், சமையல் ஆவியும் சூளைப் புகையும் கழிமுக ஈரமும் சேர்ந்த காற்றில் அவை நெடுநாள் தாங்கமாட்டா. எவருக்கு மின்கட்டணச் சேமிப்பு மிகவும் தேவையோ அவருடைய கருவியே முதலில் பழுதாகிறது என்னும் முரண்பாடு கவனத்திற்குரியது. சிறிய கூடத்தில் மின்கலத்தையும் கட்டுப்பாட்டுக் கருவியையும் அடுப்பிலிருந்தும் தண்ணீர்த் தொட்டியிலிருந்தும் விலக்கி, தரையிலிருந்து உயர்த்தி, சுவரில் ஒட்டாமல் சிறு இடைவெளி விட்டு மரப்பலகையில் பொருத்துவது அங்கு பெரும் வேறுபாட்டை உண்டாக்கும்.

தாழ்நிலப் பகுதிகளில் உயரம் என்பது உயிர்ப் பாதுகாப்பும் ஆகும். 2005 ஜூலை 26 அன்று சாந்தாகுரூஸ் வானிலை நிலையத்தில் 24 மணி நேரத்தில் 944 மில்லிமீட்டர் மழை பதிவாயிற்று. அத்தகைய வெள்ளத்தில் மூழ்கிய இன்வர்ட்டரை வீட்டின் முதன்மை விசையை நிறுத்திவிட்டுத் தொடலாம் என்று எண்ணுவது தவறு. பகல் வெளிச்சம் உள்ளவரை தகடுகள் மின்னழுத்தத்தை உண்டாக்கிக்கொண்டே இருக்கும். பயிற்சி பெற்றவர் நேர்மின்னோட்டப் பகுதியைப் பிரிக்கும்வரை எவரும் நெருங்கலாகாது.

ஓடும் வண்டிகளில்

சூரியத் தகடுகள் இன்று வண்டிகளின் கூரைகளிலும் ஏறியுள்ளன. 2017 ஜூலை 14 அன்று தில்லி சப்தர்ஜங் நிலையத்தில், பெட்டிகளின் கூரையில் தகடுகள் பொருத்தப்பட்ட டீசல் தொடர்வண்டி ஒன்றை இந்திய இரயில்வே அறிமுகப்படுத்தியது. பயணிகளின் விளக்குகளுக்கும் மின்விசிறிகளுக்கும் அத்தகடுகள் மின்சாரம் தந்தன. தங்கும் வசதியுள்ள காரவான் வண்டிகளுக்கான சுற்றுலாக் கொள்கையை மகாராஷ்டிர அரசு 2021 இல் வகுத்தது. அத்தகைய வண்டிகளிலும் நடமாடும் மருத்துவ ஊர்திகளிலும் தகடும் மின்கலமும் பயன்படுகின்றன.

வண்டியில் ஈரத்தோடு அதிர்வும் சேர்கிறது. கேபிள் கூரையைத் துளைத்து இறங்கும் இடத்திலுள்ள அடைப்பு அதிர்வினால் தளர்கிறது. ஓட்டத்தின் வேகத்தில் மழைநீர் பக்கவாட்டிலிருந்து தள்ளப்படுகிறது. மூடிய வண்டியில் இரவு உறங்கும் ஒருவரின் மூச்சும் வியர்வையும் சில நூறு மில்லிலிட்டர் நீரை உள்காற்றில் சேர்க்கின்றன; சமையல் அதனை மேலும் கூட்டுகிறது. இந்த ஈரம் படுக்கையின் அடியில் வைக்கப்பட்ட மின்கலத்தின் முனைகளிலும் கட்டுப்பாட்டுக் கருவியின் மின்சுற்றுப் பலகையிலும் படிகிறது. காற்றோட்டமுள்ள அறை, காப்புப் பூச்சிட்ட மின்சுற்றுப் பலகை, முனைகளில் காப்பு மசகு, நீண்ட நாள் நிறுத்தி வைக்கும்போது அவ்வப்போது திறந்து உலர்த்துதல் ஆகியவை இங்கு இன்றியமையாதவை.

தரச்சான்றின் எல்லை

கருவி வாங்குவோர் தரச்சான்றைக் கேட்டுப் பெறுவது முதற்கடமை. ஆயினும் சான்று எதனைச் சொல்கிறது என்பதையும் அறிய வேண்டும். ஐ.இ.சி. 61215 தரவிதியின்படி தகடுகள் 85 டிகிரி வெப்பத்திலும் 85 விழுக்காடு ஈரப்பதத்திலும் 1,000 மணி நேரம் வைத்துச் சோதிக்கப்படுகின்றன. இது ஏறத்தாழ 42 நாட்கள். உற்பத்தியின் தொடக்கக் குறைபாடுகளை வெளிப்படுத்த இச்சோதனை உதவும். இருபத்தைந்து பருவமழைகளுக்கு அது உத்தரவாதம் ஆகாது.

பெட்டிகளின் மீது காணப்படும் ஐ.பி. 65 என்னும் குறியீட்டில் 6 என்பது தூசி புகாமையையும் 5 என்பது பீய்ச்சும் நீரைத் தாங்குவதையும் குறிக்கும். 67 எனில் ஒரு மீட்டர் ஆழ நீரில் முப்பது நிமிடம் தாங்கும். இவை நீரைப் பற்றிய குறுகிய காலச் சோதனைகள். ஆண்டுக்கணக்கில் மூச்சு வழியே நுழையும் நீராவியைப் பற்றி இக்குறியீடு எதுவும் கூறவில்லை. மேலும், பணியாளர் பக்கவாட்டில் ஒரு துளையிட்டுக் கேபிளை நுழைத்த அக்கணமே அச்சான்று பொருளற்றதாகிறது.

மும்பை பவாயிலுள்ள இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தில் 2010 இல் அமைக்கப்பட்ட தேசிய ஒளிமின்னழுத்த ஆராய்ச்சி, கல்வி மையம் 2013 முதல் நாடெங்கும் தகடுகளின் நிலையைப் பலமுறை ஆய்ந்துள்ளது. வெப்பம் மிகுந்த பகுதிகளில் தேய்வு அதிகம் என்பதோடு, தரையில் அமைந்த பெரிய நிலையங்களைவிடக் கூரைகளிலுள்ள சிறிய அமைப்புகள் விரைவாகத் தேய்கின்றன என்பதும் அவ்வாய்வுகளில் புலப்பட்டது. பெரிய நிலையத்தில் பொருள் வாங்குவதையும் நிறுவுவதையும் பொறியாளர் கண்காணிக்கிறார். வீட்டுக் கூரைக்கு அத்தகைய கண் இல்லை.

செய்யத்தக்கவை

நிறுவும்போது பின்பற்ற வேண்டிய நெறிகள் எளியவை. இன்வர்ட்டரை வெயிலும் மழையும் நேரடியாகப் படாத, காற்றோட்டமுள்ள இடத்தில் வெள்ள மட்டத்திற்கு மேல் பொருத்த வேண்டும். கேபிள்கள் பெட்டியின் அடிப்பக்கம் வழியாகவே நுழைய வேண்டும். நுழையுமுன் சற்றுத் தாழ்ந்து வளைந்து செல்லுமாறு விட்டால் நீர் அவ்வளைவில் சொட்டிவிடும். கேபிளின் பருமனுக்கேற்ற கேபிள் கிளாண்ட் பயன்படுத்தி, வேண்டாத துளைகளை உரிய அடைப்பான்களால் மூட வேண்டும். ஒரே தயாரிப்பாளரின் கனெக்டர்களையே இணைத்து, அவை கூரைத்தளத்தில் கிடக்காமல் சட்டத்தின் அடியில் கட்டி வைக்க வேண்டும். தகட்டுச் சட்டத்திலுள்ள வடிகால் துளைகளை அடைக்கலாகாது.

பராமரிப்புக்கு இரண்டு மாதங்கள் முக்கியமானவை. மே மாதத்தில் அடைப்புகளைச் சோதித்து, திருகுகளை இறுக்கி, உப்புத் தூசியை நன்னீரால் கழுவி, சிலிக்கா ஜெல்லை மாற்ற வேண்டும். அக்டோபரில் பெட்டிகளைத் திறந்து உலர்த்தி, மெக்கர் கருவியால் காப்பு மின்தடையையும், உரிய கருவியால் தரைத்தொடர்பின் மின்தடையையும் அளந்து பதிவேட்டில் எழுத வேண்டும். மழை நாட்களில் தேவையின்றிப் பெட்டியைத் திறப்பது ஈரத்தை உள்ளே அழைப்பதாகும். இப்பணிகள் யாவும் பயிற்சி பெற்ற பணியாளருக்கு உரியவை. வீட்டார் எழுதி வைக்கத்தக்கது ஒவ்வொரு மாதத்தின் மின் உற்பத்தி அளவு.

பராமரிப்பின் பொருளாதாரம்

இதன் பொருளாதாரப் பயனை ஓர் எடுத்துக்காட்டால் காணலாம். 3 கிலோவாட் அமைப்பு தொடக்கத்தில் ஆண்டுக்குச் சுமார் 4,000 யூனிட் தருவதாகக் கொள்வோம். ஆண்டுதோறும் தொடக்க அளவில் ஒரு விழுக்காடு குறைந்தால் இருபத்தைந்து ஆண்டுகளில் 88,000 யூனிட் கிடைக்கும். இரண்டு விழுக்காடு குறைந்தால் 76,000 யூனிட்தான் கிடைக்கும். இழப்பு 12,000 யூனிட்; அதாவது மூன்று ஆண்டுகளின் முழு உற்பத்தி. மானியத்தையும் இவ்வாறே நோக்கலாம். ரூ.78,000 மானியம் பெற்ற அமைப்பு இருபத்தைந்து ஆண்டுகள் உழைத்தால் ஆண்டுக்கு ரூ.3,120 பொதுப் பணம் செலவானதாகும். எட்டாம் ஆண்டில் கைவிடப்பட்டால் ஆண்டுக்கு ரூ.9,750 ஆகிறது.

நிறுவும் முகவர் ஐந்தாண்டுகள் பராமரிக்க வேண்டும் என்பது திட்டத்தின் விதி. ஈரத்தின் விளைவுகளோ பல பருவங்கள் கடந்த பின்னரே முற்றாக வெளிப்படுகின்றன. ஆறாம் ஆண்டில் பொறுப்பேற்பவர் யார் என்னும் கேள்விக்கு விடை காண்பது அவசியம். வீட்டுவசதிச் சங்கங்கள் மின்கட்டணச் சேமிப்பில் ஒரு பங்கைப் பராமரிப்பு நிதியாக ஒதுக்கலாம். ஐந்தாம் ஆண்டு அக்டோபரில் காப்பு மின்தடைச் சான்று பெற்ற பின்னரே முகவரின் பொறுப்பு முடிவதாக ஒப்பந்தத்தில் எழுதலாம். 2015 இல் தொடங்கிய சூர்யமித்ரா பயிற்சித் திட்டத்தைப் போன்ற வாய்ப்புகளின் வழியே தாராவி, செம்பூர் இளைஞர்களைப் பயிற்றுவித்தால், அப்பகுதிகளிலேயே பராமரிப்பு ஒரு தொழிலாக வளரும்.

இதற்கான முன்மாதிரியைத் தொலைவில் தேட வேண்டியதில்லை. மாதுங்காவில் 1915 முதல் இரயில்வே பணிமனை இயங்கிவருகிறது. இரயில் பெட்டிகள் பழுதாகி நிற்கும்வரை அங்கு காத்திருப்பதில்லை. குறித்த காலம் வந்ததும் பெட்டி உள்ளே கொண்டுவரப்பட்டு, பிரிக்கப்பட்டு, சோதிக்கப்பட்டு, அடுத்து வர வேண்டிய நாள் குறிக்கப்பட்டு வெளியே அனுப்பப்படுகிறது. ஒரு நூற்றாண்டுக் காலமாகக் கடற்கரை ஈரத்தில் ஓடும் வண்டிகளைக் காத்துவரும் நெறி இதுவே. அதே நகரின் கூரைகளில் ஏறியுள்ள சூரியத் தகடுகளுக்கும் அத்தகைய நாட்குறிப்பு வேண்டும்.

நிறுவப்பட்ட கிலோவாட்டுகளை எண்ணுவதோடு, பத்தாம் ஆண்டிலும் கிடைக்கும் யூனிட்டுகளையும் எண்ணும் வழக்கம் ஏற்படுமாயின், ஒரு ரப்பர் வளையமும் ஒரு கேபிள் கிளாண்டும் திட்ட அலுவலரின் கவனத்திற்குரியனவாகும். கூரைக்கு ஏறிய பொதுப் பணம் மழையோடு கரையாமல் மக்களுக்குப் பயன்தர அதுவே வழி.